தாமரை இலையும் வாழைப்பூக் கறையும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

தண்ணீர் ஒட்டாத துணி, பை விளம்பரங்களில் தாமரை இலைப் படம் போடுகிறார்கள். இயற்கையைப் பார்த்துச் செய்தது என்றாலே நல்லது என்று நம்பிவிடாதீர்கள் என்பது என் கருத்து.

தாமரை இலையில் நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேல் மெழுகுத் துகள்களும் இருப்பதால் நீர் உருண்டோடுகிறது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்த்லாட்டும் நைன்ஹுயிசும் 1997இல் இதை விளக்கி எழுதினார்கள். அந்த இலையில் ஃபுளூரின் கிடையாது. துணியில் பல காலமாகப் பூசிவருவதோ ஃபுளூரின் சேர்ந்த பாலிமர். கார்பன்-ஃபுளூரின் பிணைப்பு எவ்வளவு வலுவானது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன் (மறந்தவர்கள் கை தூக்க வேண்டாம்!). அந்த வலுவால்தான் இந்த வகைப் பொருள்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் கிடக்கின்றன. இக்குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ. என்பதை 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தார்கள்.

எனக்குப் பிடித்தது வேறொரு பூச்சு. அலை அடிக்கும் பாறையில் கொத்துக்கொத்தாக ஒட்டி வாழும் ஒரு சிப்பி உண்டு. கேரளத்தில் கல்லுமக்காய் என்பார்கள். ஈரப் பாறையில் அது ஒட்டிக்கொள்ள உதவும் புரதத்தில் டோபா என்ற பொருள் இருக்கிறது. அதைப் பார்த்து, அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மெசர்ஸ்மித் குழுவினர் 2007இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். லிட்டருக்கு 2 கிராம் டோபமைன், காரத்தன்மை 8.5 பி.எச். பொருளை அதில் முக்கி வைத்தால் ஒரு நாளில் 50 நானோமீட்டர் வரை படலம் படிகிறது. உலோகம், கண்ணாடி, பிளாஸ்டிக், எதுவும் ஒட்டாத டெஃப்லான் மேல்கூட! அந்தப் படலத்தின்மேல் வெள்ளியையும் செம்பையும் படியவைக்கலாம். அடுப்பு வேண்டாம், நாற்றமடிக்கும் கரைப்பான் வேண்டாம்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த வேதியியல் பழக்கமானதுதான். வாழைப்பூ நறுக்கினால் கை கறுக்கிறது அல்லவா? அதிலுள்ள பாலிஃபீனால் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஒன்றோடொன்று இணைந்து கறையாகிறது. மோரில் போட்டால் அமிலம் அதைத் தடுக்கிறது. டோபமைன் பூச்சுக்குக் காரம் சேர்ப்பது இதற்கு நேர் எதிர்.

குறையும் உண்டு. டோபமைன் விலை அதிகம், படலம் பழுப்பாக இருக்கும், நேரமும் பிடிக்கும். 2013இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் டானிக் அமிலத்தையும் இரும்பு உப்பையும் கலந்து நொடிகளில் படலம் படியவைத்துக் காட்டினார்கள். நம் கடுக்காயில் இருப்பதும் டானின் வகைதான். உடனே ‘முன்னோர்கள் அன்றே கண்டுபிடித்தார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

துணிப் பதனிடும் தொழிலில் இருக்கும் என் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை பூச்சு மருந்து வாங்கும்போது டப்பாவில் உள்ள இலைப் படத்தை விட்டுவிட்டு, அதில் ஃபுளூரின் இருக்கிறதா, கழுவிய நீர் எங்கே போகிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று கீழே எழுதுங்கள்.