கூட்டம் கொழும்பில், குப்பை புத்தளத்தில்

கொழும்பு மாநகரில் கூட்டங்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. நிறுவனங்களின் வருடாந்தப் பொதுக் கூட்டங்கள், விற்பனை முகவர் மாநாடுகள், புதிய பொருட்களின் அறிமுக விழாக்கள், பயிற்சிப் பட்டறைகள், வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் நடத்தும் இப்தார் நிகழ்வுகள், வாணி விழாக்கள், ஒளி விழாக்கள் என ஆண்டு முழுவதும் மண்டபங்கள் நிறைந்தே காணப்படுகின்றன. கடற்கரையோர நட்சத்திர ஹோட்டல்கள் முதல் வெள்ளவத்தை, பாமன்கடைப் பகுதிகளின் சிறு மண்டபங்கள் வரை இந்தத் தொழிலில் பங்குண்டு. அண்மைக்காலமாக இக்கூட்டங்களின் அழைப்பிதழ்களில் 'பசுமை', 'நிலைபேறு', 'சுற்றாடல் நேயம்' ஆகிய சொற்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. மேடையில் ஒலிக்கும் இச்சொற்களுக்கும், விருந்து முடிந்தபின் மண்டபத்தின் பின்வாசலால் வெளியேறும் குப்பைப் பைகளுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா என்பது எவரும் கேட்க விரும்பாத கேள்வியாக இருந்து வருகின்றது.

அந்தப் பைகள் எங்கே செல்கின்றன என்பதை அறிந்தால் இக்கேள்வியின் கனம் புரியும். பாமன்கடை இரண்டு கால்வாய்களுக்கு இடைப்பட்ட பிரதேசம். வடக்கே வெள்ளவத்தைக் கால்வாயும் தெற்கே தெஹிவளைக் கால்வாயும் நகரின் மழைநீரைக் கடலுக்குக் கொண்டு செல்கின்றன. முறையாக அகற்றப்படாத பொலித்தீனும் வெற்றுப் போத்தல்களும் சேருமிடம் இத்தகைய கால்வாய்களே. 2010ஆம் ஆண்டு நவம்பரில் ஓரிரவு மழையில் நாடாளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியதை நகரவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னர் உலக வங்கியின் கடனுதவியுடன் கொழும்பின் கால்வாய்கள் புனரமைக்கப்பட்டன. ஆயினும், எத்தனை கோடி செலவிட்டு அகழ்ந்தாலும் அடைப்பதற்குச் சில ஆயிரம் வெற்றுப் போத்தல்கள் போதுமானவை.

முறையாக அகற்றப்படும் குப்பையின் கதையும் ஆறுதல் தருவதாக இல்லை. தமிழ், முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் கொட்டாஞ்சேனையை அண்டிய புளூமெண்டால் குப்பைமேடு பல்லாண்டு காலம் நகரின் கழிவைச் சுமந்தது. 2009இல் அது மூடப்பட்டபோது குப்பை லொறிகள் மீதொட்டமுல்லைக்குத் திருப்பப்பட்டன. தற்காலிக ஏற்பாடு என்று சொல்லப்பட்ட அந்த மேடு, 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாகின. அதன் பின்னர் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வுதான் புத்தளம் மாவட்டத்தின் அருவக்காடு. 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய புத்தளம் மக்களின் சத்தியாக்கிரகம் நூறு நாட்களையும் எட்டியது. இருந்தும் 2019இல் கொழும்புக் குப்பை லொறிகளில் அங்கு கொண்டு செல்லப்பட்டது.

அருவக்காட்டுக் குழி எவ்வாறு தோன்றியது? புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்தெடுக்கப்பட்டதால் உருவான குழி அது. அதே மாவட்டத்தின் நுரைச்சோலையில் 900 மெகாவோட் நிலக்கரி அனல் மின் நிலையம் அமைந்துள்ளது. நாட்டின் மின்சாரத்தில் கணிசமான பங்கு அங்கிருந்தே வருகின்றது. கட்டடங்களுக்கான சீமெந்துக்காகப் புத்தளத்தின் மண் அகழப்பட்டது; மண்டபங்களைக் குளிரூட்டும் மின்சாரத்துக்காகப் புத்தளத்தின் காற்று கரியைச் சுமக்கின்றது; கூட்டம் முடிந்தபின் எஞ்சும் குப்பைக்கும் புத்தளத்தின் குழியே காட்டப்பட்டது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்த மாவட்டமும் இதுவேயாகும். கூட்டத்தின் இன்பம் ஓரிடத்திலும் அதன் சுமை வேறோரிடத்திலும் இருக்கும்வரை, ஏற்பாட்டாளர்களின் மனச்சாட்சியை மட்டும் நம்பியிருப்பதில் பயனில்லை.

கழிவின் ஒரு பகுதி தற்போது கெரவலப்பிட்டியில் எரிக்கப்பட்டு மின்சாரமாகின்றதே என்று சிலர் கூறக்கூடும். 2021இல் திறக்கப்பட்ட 10 மெகாவோட் கொள்ளளவுடைய அந்த நிலையம் வரவேற்கத்தக்கதே. எனினும் ஈரமான உணவுக் கழிவு எரிவதற்கு உகந்ததன்று. சோறும் கறியும் போத்தலும் கடதாசியும் ஒரே பையில் திணிக்கப்படுமாயின், எரிப்பதற்கும் உதவாது, பசளையாக்குவதற்கும் உதவாது. எனவே குப்பை பிறக்கும் இடத்திலேயே அதன் தலைவிதி எழுதப்பட்டு விடுகின்றது.

இன்னும் சரியாகச் சொல்வதானால், கூட்டம் நடைபெறுவதற்குப் பல நாட்களுக்கு முன்னரே, கொள்வனவுப் பட்டியல் தயாராகும் வேளையில் அது எழுதப்படுகின்றது. விருந்தை எடுத்துக்கொள்வோம். ஹோட்டல்கள் உத்தரவாதப்படுத்தப்பட்ட ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கட்டணம் அறவிடுகின்றன. உணவு போதாமற் போனால் மானம் போகும் என்ற அச்சத்தில் நிறுவனம் அந்த எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்கின்றது. அதே அச்சத்தில் சமையற்காரரும் ஒரு பங்கு கூட்டிச் சமைக்கின்றார். வருவதாகச் சொன்னவர்களில் ஒரு பகுதியினர் வருவதில்லை. மூன்றும் சேரும்போது எஞ்சுவது தட்டுத்தட்டாகக் கொட்டப்படுகின்றது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணாக்கப்பட்ட உணவு ஏறத்தாழ 105 கோடி தொன். அதில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலானது உணவகங்கள், விருந்துகள் முதலான உணவுச் சேவைத் துறையைச் சார்ந்தது. அதே 2022இல்தான் இந்நாட்டில் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

அழைப்பை உறுதிப்படுத்துமாறு கேட்டு, கூட்டத்துக்கு இரு நாட்களுக்கு முன்னர் எண்ணிக்கையைத் திருத்தும் உரிமையை ஹோட்டலுடனான ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது கடினமான காரியமன்று. கைபடாத உணவை அன்றே பெற்றுச்செல்ல ஒரு முதியோர் இல்லத்துடனோ சிறுவர் இல்லத்துடனோ முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். மேசைக்கு மேசை வைக்கப்படும் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் பாதி குடித்த நிலையில் கைவிடப்படுகின்றன. கூசாவும் கண்ணாடிக் குவளையும் அந்த வேலையைச் செய்து வந்த காலம் வெகு தொலைவில் இல்லை. மேடைப் பதாகையில் திகதி அச்சிடப்படுவதனாலேயே அது மறுநாள் குப்பையாகின்றது. திகதியில்லாத ஒரு துணிப் பதாகை பல ஆண்டுகள் உழைக்கும். பதாகை வெறும் குப்பைப் பிரச்சினை மாத்திரமன்று என்பதைத் தமிழகமும் கற்றுக்கொண்டது. 2019 செப்டெம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் வீதியில் வைக்கப்பட்ட பதாகையொன்று சரிந்து விழுந்ததில் இளம் பெண் பொறியியலாளர் ஒருவர் உயிரிழந்தார்.

ஒரு பொருளை நீக்கி அதே தொகையில் மற்றொரு பொருளை வழங்குவது தீர்வாகாது என்பதையும் வலியுறுத்த வேண்டியுள்ளது. கருத்தரங்கு தோறும் பருத்திப் பை வழங்குவது இன்றைய வழக்கம். டென்மார்க்கின் சுற்றாடல் முகவரகம் 2018இல் வெளியிட்ட ஆய்வு, காலநிலைப் பாதிப்பை மட்டும் கருதினாலே பருத்திப் பையொன்று ஐம்பது தடவைக்கும் மேலாகப் பாவிக்கப்பட்டால்தான் பொலித்தீன் பையை வெல்லும் எனக் கண்டது. ஏனைய தாக்கங்களையும் சேர்த்தால் அது பல ஆயிரம் தடவைகளாகும். அலுமாரியில் பத்துப் பைகளை அடுக்கி வைத்திருப்பவருக்குப் பதினோராவது பை எதற்கு? பொன்னாடையும் நினைவுச் சின்னமும் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை.

குளிரூட்டியின் கதை வேடிக்கையானது. வெளியே முப்பது பாகை வெப்பம். உள்ளே கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தவர்களுக்காக மண்டபம் பதினெட்டுப் பாகைக்குக் குளிரூட்டப்படுகின்றது. சேலை அணிந்த பெண்கள் நடுங்கிக்கொண்டிருக்கின்றார்கள். ஜப்பானிய அரசாங்கம் 2005ஆம் ஆண்டிலேயே கோடைகாலத்தில் அலுவலகங்களின் வெப்பநிலையை 28 பாகையில் வைத்து, கழுத்துப்பட்டியைக் கைவிடுமாறு கேட்டுக்கொண்டது. எமது காலநிலைக்கேற்ற உடையை அழைப்பிதழில் குறிப்பிடுவதற்கு ஒரு சதமும் செலவாகாது.

இவ்விடயத்தில் எமது சமூகங்களுக்கு அந்நிய தேசத்துப் பாடம் அதிகம் தேவையில்லை. வாழையிலையும் தாமரையிலையும் எமது பந்திகளில் இருந்தவையே. குருத்தோலைத் தோரணமும் வாழைமரமும் மறுநாள் மண்ணோடு மண்ணாகும் அலங்காரங்கள். ஒரே சஹனில் அறுவர் அமர்ந்து உண்ணும் இலங்கை முஸ்லிம்களின் வழக்கம், தட்டுகளைக் குறைப்பதுடன் அருகிலிருப்பவரோடு உறவாடவும் வைக்கின்றது. வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தின் நோன்பு துறக்கும் வேளையில், நட்சத்திர ஹோட்டலின் நீண்ட மேசையில் பாதி உணவு மீந்து கிடப்பது பெரும் முரண்பாடாகும். அன்னத்தைத் தெய்வமாகக் கருதும் மரபில் வந்தவர்கள் நடத்தும் வாணி விழாக்களுக்கும் இது பொருந்தும்.

இங்கு மற்றுமொரு உண்மையையும் நோக்க வேண்டும். கூட்டத்தில் உள்ளீடு குறையக் குறைய அலங்காரம் கூடுகின்றது. மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை எனச் சடங்குகளில் நேரம் கரைய, பங்குபற்ற வந்தவர்கள் கைத்தொலைபேசியில் மூழ்குகின்றனர். அவர்களைத் திருப்திப்படுத்த விருந்தும் அன்பளிப்புப் பொதியும் தேவைப்படுகின்றன. பங்குதாரர் கேள்வி கேட்கவும், முகவர் தமது அனுபவத்தைச் சொல்லவும், ஊழியர் முறைப்பாட்டை முன்வைக்கவும் நேரம் ஒதுக்கப்பட்ட கூட்டம் அலங்காரமின்றியே நினைவில் நிற்கும். 2020இல் கொரோனா பரவியபோதும், 2022இல் எரிபொருள் தீர்ந்தபோதும் எத்தனையோ நிறுவனங்கள் இணையவழியில் கூட்டங்களை நடத்தி முடித்தன. எல்லாவற்றையும் அவ்வாறு நடத்த வேண்டும் என்பதில்லை. ஆனால் மனிதர்களை நேரில் அழைப்பதாயின், அதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும்; வெளிநாட்டிலிருந்து விமானத்தில் அழைப்பதாயின், அந்தக் காரணம் இன்னும் வலுவானதாக இருக்க வேண்டும்.

சட்டங்கள் இல்லாமலில்லை. 2017 செப்டெம்பர் முதலாம் திகதி முதல் பொலித்தீன் லஞ்ச் ஷீட், ரெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியவற்றுடன், வைபவங்களில் பொலித்தீன் அலங்காரங்களும் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்டோபர் முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, உறிஞ்சி, மாலை, இடியப்பத் தட்டு ஆகியவையும் அப்பட்டியலில் சேர்ந்தன. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. எனினும் இத்தடைகளின் கண், உற்பத்தியாளரையும் கடைக்காரரையும் நோக்கியே இருக்கின்றது. கூட்டத்தை நடத்துபவர் என்ற ஒருவர் சட்டத்தின் பார்வைக்குள் வருவது அபூர்வம். கேரளம் இதில் வேறு வழியைத் தேர்ந்தது. 2015இல் அங்கு நடைபெற்ற தேசிய விளையாட்டு விழாவில் 'பசுமை நெறிமுறை' நடைமுறைப்படுத்தப்பட்டு, வீசியெறியும் தட்டுகளுக்குப் பதிலாக எவர்சில்வர் பாத்திரங்கள் பாவனைக்கு வந்தன. பின்னர் திருமணங்களுக்கும் அந்நெறிமுறை பரவியது. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்வை நடத்துபவர் உள்ளூராட்சி மன்றத்துக்கு முன்கூட்டியே அறிவித்துக் கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று அங்கு சட்டமும் திருத்தப்பட்டது.

அதுபோன்ற ஏற்பாடு கொழும்பு மாநகர சபைக்கும் சாத்தியமானதே. மண்டபத்தைப் பதிவு செய்யும்போது ஒரு வைப்புத்தொகை பெறப்பட்டு, கழிவு வகைப்படுத்தி ஒப்படைக்கப்பட்டால் அது திருப்பிக் கொடுக்கப்படலாம். கொழும்புப் பங்குச் சந்தையின் முன்னணி 100 நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி முதல் நிலைபேற்று அறிக்கையிடல் நியமங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. அந்த அறிக்கைகளின் பளபளப்பான பக்கங்களில், சென்ற பொதுக் கூட்டத்தில் எத்தனை உணவு தயாரிக்கப்பட்டது, எவ்வளவு கொட்டப்பட்டது என்ற இரண்டு வரிகளை எழுதுமாறு பங்குதாரர் ஒருவர் கேட்டாலே போதும். அடுத்த ஆண்டின் பட்டியல் தானாகச் சுருங்கும்.

இதனால் தொழில் பாதிக்கப்படும் என்ற அச்சம் நியாயமானதே. 2019 ஏப்ரல் தாக்குதல்கள், கொரோனா, பொருளாதார நெருக்கடி என அடுத்தடுத்து அடிபட்ட ஹோட்டல் துறையும், அதை நம்பியிருக்கும் சமையற்காரரும் அலங்காரக்காரரும் அச்சகத்தாரும் மேலும் ஒரு சுமையைத் தாங்க முடியாது. ஆனால் காற்று எதிர்த்திசையில் வீசவில்லை. இலண்டன் ஒலிம்பிக்கை முன்னிட்டு 2012இல் உருவான ஐ.எஸ்.ஓ. 20121 என்ற நிலைபேறான நிகழ்வு முகாமைத்துவ நியமம், 2024இல் திருத்தப்பட்டு உலகெங்கும் பின்பற்றப்படுகின்றது. இலங்கையை மாநாடுகளுக்கான தலமாக விளம்பரப்படுத்தும் எமது மாநாட்டுப் பணியகம், வெளிநாட்டு ஏற்பாட்டாளர்களின் இத்தகைய நிபந்தனைகளைப் புறக்கணிக்க முடியாது. பாக்குமட்டைத் தட்டும் குருத்தோலை அலங்காரமும் உள்ளூர்க் கைகளுக்கே வேலை தருபவை. இறக்குமதிச் செயற்கைப் பூக்கள் அவ்வாறல்ல.

ஆகவே மாற்றம் வேண்டியிருப்பது பொறுப்பைப் பகிரும் முறையிலேயாகும். விருந்துக்கு அழைப்பவர் யாரோ, அவரே அதன் எச்சத்துக்கும் உரியவர் என்ற எளிய விதியை நிறுவனங்கள் ஏற்க வேண்டும். மாநகர சபை அதைச் சட்டமாக்க வேண்டும். இல்லையேல் கொழும்பில் பசுமை பற்றிய மாநாடுகள் பெருகிக்கொண்டே செல்லும். அவற்றின் குப்பையை எந்த மாவட்டத்தில் கொட்டுவது என்பது மட்டுமே அரசாங்கத்தின் முன்னுள்ள கேள்வியாக எஞ்சும். அந்தக் கேள்விக்கு மீதொட்டமுல்லை ஒருமுறை உயிர்களால் விடை பகர்ந்துவிட்டது. புத்தளமும் அவ்வாறு விடை பகர வேண்டிய நிலை ஏற்படலாகாது.