தூக்கா, சிறையா: நீதிபதி மட்டும் போதுமா?

கொலை வழக்கில் ஒருவர் குற்றவாளியா என்பதை இந்நாட்டில் சாதாரண மக்கள் எழுவர் முடிவு செய்த காலம் உண்டு. ஜூரி எனப்பட்ட அம்முறை 1995இல் ஒழிக்கப்பட்டது. அது திரும்ப வேண்டாம் என்பதே நம் கருத்து. ஜூரி காரணம் சொல்வதில்லை. நீதிபதியோ தீர்ப்புக்கான காரணத்தை எழுதியாக வேண்டும். உயிர் போகும் வழக்கில் இது சின்ன விஷயமா?

ஆனால், தண்டனை வேறு விஷயம். 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. கொலைக்குற்றம் நிரூபணமானால் தூக்கா, 30 முதல் 40 ஆண்டுச் சிறையா என்பதை இப்போது நீதிபதியே தேர்ந்தெடுக்கிறார். ஜார்ஜ்டவுன், லைட் சாலை உயர்நீதிமன்றத்திலும் இதே நிலைதான். சட்டப் படிப்பு இதில் ஓரளவுதான் கைகொடுக்கும். மீதி, ஒரு மனிதனை எடைபோடும் வேலை.

மாணவர்களே, உங்கள் வயதினர் நிறுத்தப்படும் சிறார் நீதிமன்றத்தைப் பாருங்கள். 2001 சிறார் சட்டப்படி அங்கே மாஜிஸ்திரேட்டுடன் ஆலோசகர்கள் இருவர் அமர்கிறார்கள். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வழக்கறிஞராக இருக்கத் தேவையில்லை. பிள்ளையை என்ன செய்வது என்பதில் அவர்கள் கருத்துச் சொல்வர், முடிவு மாஜிஸ்திரேட்டுடையது. ஜப்பான் இன்னும் துணிந்து, 2009 முதல் கடும் குற்ற வழக்குகளில் 3 நீதிபதிகளுடன் 6 குடிமக்களை அமர்த்துகிறது.

திருடிய சிறுவனுக்கு இருவர் உண்டு, தூக்கை எதிர்நோக்குபவனுக்கு இல்லை. உயர்நீதிமன்றத்திலும் தண்டனை விதிக்கும் கட்டத்தில் அப்படி இருவரை அமர்த்த நாடாளுமன்றம் வழிசெய்யட்டும். காரணம் எழுதும் கடமை நீதிபதியிடமே இருக்கட்டும்.