அரை சென்ட் கணக்கு

'இசைக்கு நிறமில்லை' என்கிறார்கள். இல்லாமல் போகட்டும். இசைத்தட்டு விற்ற காசுக்கு நிறம் இருந்ததே, அதுக்கு என்ன பதில்? நான் கவிதை எழுதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் பேரேடு பார்க்கிறவன். பாட்டைக் கேட்டால் பற்று வரவையும் கேட்பேன். லிட்டில் ரிச்சர்டின் கணக்கைப் புரட்டுவோம்.

1932ல் ஜார்ஜியா மாநிலம் மேக்கனில் பிறந்த கறுப்பர். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர். பெண்தன்மை கொண்டவன் என்று அப்பனே வீட்டைவிட்டுத் துரத்தினார். 1947ல் அந்தப் பதினாலு வயசுப் பையனைத் தன் மேடையேற்றிப் பாடவிட்டு, கையில் காசும் கொடுத்தவர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். மின் கிடாரை அதிரவிட்டுத் தேவனைப் பாடிய கறுப்புப் பெண். ராக் அண்ட் ரோலுக்கு 'ராஜா' எல்விஸ் என்கிறவர்கள் இந்தத் தாயின் பேரைச் சொல்லட்டும் முதலில்.

பெண் வேடம் கட்டி ஆடினார் ரிச்சர்ட். பஸ் நிலையத்தில் எச்சில் தட்டு கழுவினார். 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்சில் 'டுட்டி ஃப்ரூட்டி' பதிவானது. பியானோவை அடித்து நொறுக்குகிற கை, அடிவயிற்றிலிருந்து கிளம்புகிற அலறல். அடக்கிவைக்கப்பட்டவனின் உடம்பு வெடித்த சத்தம் அது.

வெள்ளை வீட்டுக் கூடத்துக்கு அந்தச் சத்தம் ஆகாது. பாட்டு மட்டும் வேண்டும். பேட் பூன் என்ற வெள்ளைக்காரர் அதையே சோப்புப் போட்டு அலசிப் பாடினார். 1956 பில்போர்டு பட்டியலில் பூன் 12, பாட்டுக்குச் சொந்தக்காரன் 17! அடுத்து 'லாங் டால் சாலி'. பூனின் வாய்க்குப் பிடிபடாத வேகத்தில் பாடினார் ரிச்சர்ட். இந்த முறை அவர் 6, பூன் 8. பறித்தவனோடு ஓடி ஜெயித்த வேகம் அது. அதைச் சும்மா 'துள்ளலிசை' என்று எழுதுகிறான் விமர்சகன்.

இனி வரவு. பாட்டின் உரிமைக்கு 50 டாலர். தட்டு ஒன்றுக்கு அரை சென்ட். லட்சம் தட்டு விற்றால் 500 டாலர். மிச்சம் யார் பெட்டியில்? 1984ல் 11.2 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1986ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம்.

பூனால்தானே ரிச்சர்டின் பேரும் பரவியது என்பார்கள். கதவு திறந்தது சரி. வாசலில் உட்கார்ந்து வசூல் பண்ணியது யார்?

1962ல் பீட்டில்ஸ் அவரோடு மேடையேறியது. அந்த அலறலை அவரிடம் கற்றவர் பால் மெக்கார்ட்னி. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அவர் குழுவில் கிடார் வாசித்தவர். இத்தனை பேருக்குக் கொடுத்தவருக்கு, போட்டிக்கான கிராமி ஒன்றுகூடக் கிடையாது. 1988 கிராமி விழாவில் புதிய கலைஞர் விருதை அறிவிக்க வந்தவர், 'எனக்குத்தான்' என்று அறிவித்தார். அரங்கம் சிரித்தது, எழுந்து கைதட்டியது. 1993ல் வாழ்நாள் விருது. 2020 மே 9ல் இறந்தார்.

அஞ்சலி எழுதினார்கள், 'உற்சாகக் கலைஞர்' என்று. உற்சாகமாம்! அய்யா, அது கடன்பாக்கியைக் கேட்ட குரல். பாக்கி இன்னும் பேரேட்டில் நிற்கிறது.