வெந்நீர்க் குழாயும் விழுந்த விமானமும்

1993 ஆகஸ்ட் 8. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் தண்ணீர்த் திருவிழா. கரையிலும் பாலங்களிலும் பல்லாயிரம் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்வீடன் சொந்தமாகத் தயாரித்த புதிய போர் விமானம் 'கிரிப்பன்' தாழ்வாகப் பறந்து சாகசம் காட்டிக்கொண்டிருந்தது.

ஒரு திருப்பத்தை முடித்து நேராகும்போது விமானம் லேசாகத் தள்ளாடியது. விமானி லார்ஸ் ரோடெஸ்ட்ரோம் சமாளிக்கப் பார்த்தார். தள்ளாட்டம் அதிகமானது. இன்னும் வேகமாகச் சமாளித்தார். தள்ளாட்டம் இன்னும் அதிகமானது. சில விநாடிகள்தான். இருக்கையோடு வெளியே பாய்ந்து பாராசூட்டில் இறங்கி அவர் தப்பித்தார். விமானம் நகரின் நடுவே இருக்கும் லாங்ஹோல்மென் தீவில் விழுந்து எரிந்தது. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவிலும் உயிர்ச்சேதம் இல்லை. தரையில் ஒருவர் மட்டும் காயமடைந்தார்.

என்ஜின் பழுதாகவில்லை. இறக்கை முறியவில்லை. விமானிக்கு அனுபவம் போதவில்லை என்றும் சொல்ல முடியாது. பிறகு எது விமானத்தை வீழ்த்தியது? அதைக் காப்பாற்றச் செய்த திருத்தங்களேதான்!

இதே விபத்து, ஆபத்தில்லாத வடிவில், தினமும் பல வீட்டுக் குளியலறைகளில் நடக்கிறது.

பத்து விநாடித் தாமதம்

ஷவரைத் திறந்ததும் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. வெந்நீர்க் குழாயைக் கொஞ்சம் திருப்புகிறோம். மாற்றம் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம். அப்போதும் இல்லை. முழுக்கத் திருப்புகிறோம். பத்து விநாடி கழித்துக் கொதிக்கிற தண்ணீர் தலையில் கொட்டுகிறது. அலறியடித்துக்கொண்டு மூடுகிறோம். மறுபடி பத்து விநாடியில் பனிக்கட்டி!

கீசரில் கோளாறு இல்லை. கீசருக்கும் ஷவருக்கும் நடுவே நீளமான குழாய் இருக்கிறது. அதில் பழைய தண்ணீர் நிற்கிறது. இப்போது தலையில் விழுவது, பத்து விநாடிக்கு முன்னால் செய்த திருத்தத்தின் பலன். அது வந்து சேருவதற்குள் அடுத்தடுத்து மூன்று திருத்தங்கள் செய்துவிட்டோம். அவை எல்லாம் வரிசையாக வந்து சேரும்.

தாமதம் இருக்கும் இடத்தில் பெரிய திருத்தம் செய்தால், அது பிழையைக் குறைக்காது, எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். கணிதத்தில் 'நிலைத்தன்மை' என்ற துறை முழுக்க ஆராய்வது இந்த ஒரு கேள்வியைத்தான்: ஒரு சின்ன இடறல் தானாக அடங்குமா, வளர்ந்துகொண்டே போகுமா?

பொம்மையும் குச்சியும்

தஞ்சாவூர் பொம்மையை எப்படிச் சாய்த்தாலும் ஆடி ஆடி எழுந்து நிற்கும். அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால், இடறல் தானாகவே அடங்குகிறது. இது நிலையான அமைப்பு.

நீளமான துடைப்பத்தை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். அதுவும் சமநிலைதான். ஆனால், இம்மி சாய்ந்தால்கூட அந்தச் சாய்வு வளரும். கை இடைவிடாமல் நகர்ந்து கொடுத்தால்தான் நிற்கும். இது நிலையற்ற அமைப்பு.

கிரிப்பன் வேண்டுமென்றே துடைப்பம் மாதிரி வடிவமைக்கப்பட்ட விமானம். பொம்மை மாதிரி தானாக நேராகும் விமானம், சட்டென்று திரும்ப மறுக்கும். போர் விமானத்துக்கு அது உதவாது. எனவே விமானத்தை நிலையற்றதாக உருவாக்கி, கணினி விநாடிக்குப் பலமுறை திருத்தம் செய்யும்படி வைத்துவிட்டார்கள். கை ஒன்று, அதன் மேல் விமானி என்ற இன்னொரு கை.

விமானத்தைத் திருப்பும் தகடுகள் எவ்வளவு வேகமாக அசைய முடியும் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அன்று விமானி கட்டுப்பாட்டுக் கோலைப் பெரிதாகவும் வேகமாகவும் அசைத்தார். கணினியும் தன் பங்குக்குத் தகடுகளை வேலை வாங்கியது. தகடுகள் வேக வரம்பைத் தொட்டன. சொன்ன கணத்தில் சொன்ன இடத்துக்கு வர முடியாமல் பின்தங்கின. அங்கேதான் தாமதம் நுழைந்தது. 'மேலே' என்று சொன்னதன் பலன், 'கீழே' என்று சொல்ல வேண்டிய நேரத்தில் வந்தது. குறுகிய சந்தில் எதிரெதிரே வரும் இரண்டு பைக்குகள் ஒரே பக்கம் விலகி, மறுபடி ஒரே பக்கம் விலகி, கடைசியில் முட்டிக்கொள்வதைப் போல.

இது முதல் தடவையும் அல்ல. 1989 பிப்ரவரி 2 அன்று, லிங்கோப்பிங் நகரில் தரையிறங்கும்போது கிரிப்பனின் முதல் மாதிரி விமானம் இதே போலத் தள்ளாடி விபத்துக்குள்ளானது. அன்றும் ஓட்டியவர் ரோடெஸ்ட்ரோம்தான். இரண்டாவது விபத்துக்குப் பிறகு, தகடுகள் வேக வரம்பைத் தொட்டாலும் தாமதம் பெருகாதபடி மென்பொருளை மாற்றியமைத்தார்கள். அதன் பிறகு கிரிப்பன் பல நாடுகளின் விமானப்படையில் சேர்ந்தது.

கவர்னருக்கு வந்த சோதனை

கவர்னர் என்றதும் ராஜ்பவன் ஞாபகம் வரும். இன்ஜினீயர்களுக்கு ஞாபகம் வருவது இரண்டு இரும்புக் குண்டுகள். 1788-ல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி என்ஜினில் பொருத்திய கருவி அது. என்ஜின் வேகமாகச் சுற்றினால் குண்டுகள் விரிந்து மேலே எழும்பும்; அதோடு இணைத்த கம்பி நீராவி வரும் வழியைக் குறுக்கும்; வேகம் குறையும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வழி திறக்கும். ஆள் இல்லாமலே என்ஜின் தன்னைத்தானே கவனித்துக்கொண்டது.

ஆனால், சில என்ஜின்கள் விசித்திரமாக நடந்துகொண்டன. வேகம் கூடும், குறையும், மறுபடி கூடும். நிலைக்கு வரவே வராது. இன்னொரு வினோதம், பட்டறைகள் முன்னேறி, பாகங்களை வழவழப்பாகச் செய்யத் தொடங்கியதும் இந்தத் தொல்லை அதிகமானது! பழைய கருவிகளில் இருந்த உராய்வுதான் ஆட்டத்தை அடக்கி வைத்திருந்தது. உராய்வைக் குறைத்ததும் அடக்க ஆள் இல்லாமல் போயிற்று. நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து தொலைநோக்கியைச் சீராகத் திருப்ப கவர்னரைப் பயன்படுத்திய வானியலாளர் ஜார்ஜ் ஏய்ரி, 1840-லேயே இந்தத் தொல்லையைப் பற்றி எழுதினார்.

1868-ல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இதைக் கணிதமாக்கினார். ஒளி ஒரு மின்காந்த அலை என்று சொன்ன அதே மேக்ஸ்வெல். ஒரு கருவியின் சமன்பாட்டைப் பார்த்தே, இடறல் தேயுமா வளருமா என்று சொல்லிவிடலாம் என்று அவர் காட்டினார். ஆனால், எளிய கருவிகளுக்குத்தான் அவரால் முழு விடை தர முடிந்தது. எவ்வளவு சிக்கலான அமைப்புக்கும் பொருந்தும் விதியை 1877-ல் கண்டுபிடித்தவர் எட்வர்ட் ரூத். இருவரும் கேம்பிரிட்ஜில் வகுப்புத் தோழர்கள். 1854-ம் ஆண்டின் கணிதத் தேர்வில் ரூத் முதலிடம், மேக்ஸ்வெல் இரண்டாமிடம்!

அதே காலத்தில் ரஷ்யாவில் இவான் விஷ்னெகிராட்ஸ்கி என்ற இன்ஜினீயரும் தனியாக இதே ஆராய்ச்சியில் இருந்தார். கவர்னருக்கு உராய்வு அவசியம் என்று 1876-ல் கணக்கோடு நிறுவினார். பிற்பாடு அவர் ரஷ்யாவின் நிதியமைச்சரும் ஆனார்.

காபி மைனஸ் 60 டிகிரி!

இயந்திரங்கள் மட்டுமல்ல, வெறும் கணக்கும் தள்ளாடி விழும். ஒரு டம்ளர் காபியை வைத்தே பார்த்துவிடலாம்.

காபி 90 டிகிரி, அறை 30 டிகிரி, வித்தியாசம் 60. ஒவ்வொரு நிமிடமும் அப்போதுள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கு சூடு குறையும் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிமிடம் 6 டிகிரி குறைந்து 84. அடுத்த நிமிடம் 5.4 குறைந்து 78.6. இப்படியே நிமிடம் நிமிடமாகப் போனால், 25 நிமிடத்தில் காபி சுமார் 34 டிகிரிக்கு ஆறியிருக்கும். நியாயமான விடை.

'எதற்கு 25 தடவை கணக்குப் போட வேண்டும்? ஒரே தாவலாகப் போட்டுவிடலாமே' என்று நினைத்தால்? நிமிடத்துக்கு 6 டிகிரி, 25 நிமிடத்துக்கு 150 டிகிரி. காபி மைனஸ் 60-க்குப் போய்விடும்! அடுத்த தாவலில், அறையைவிட 90 டிகிரி குளிர்ந்த காபி 225 டிகிரி சூடேறி 165-ஐத் தொடும். அதற்கடுத்து மைனஸ் 172.5. காபி ஆறும் விதியில் தவறில்லை. கூட்டல், கழித்தலிலும் தவறில்லை. தாவல்தான் பெரிது.

தாவல் 10 நிமிடத்துக்குள் இருந்தால் காபி ஒழுங்காக ஆறும். 10-க்கும் 20-க்கும் நடுவே என்றால், மேலும் கீழும் ஆடினாலும் கடைசியில் 30-க்கு வந்துவிடும். சரியாக 20 என்றால் 90, மைனஸ் 30, மறுபடி 90 என்று முடிவில்லாமல் ஊஞ்சலாடும். 20-ஐத் தாண்டினால் வெடித்துவிடும். ஷவரில் நடந்ததும் இதுதான். பழைய நிலவரத்தை வைத்து, தேவைக்கு மேல் திருத்துவது.

இந்த ஆபத்தைக் கணினி பிறப்பதற்கு முன்பே உணர்ந்தவர்கள் ஜெர்மனியின் கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி ஆகிய மூவர். அலைகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும்போது, ஓர் அலை ஒரு கட்டத்தைக் கடக்க எடுக்கும் நேரத்தைவிட நம் தாவல் பெரிதாக இருக்கக்கூடாது என்று 1928-ல் எழுதினார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பின், மூவருமே நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கா சேர்ந்தார்கள்.

1950-ல் 'எனியாக்' கணினியில் முதன்முதலாக வானிலையைக் கணித்தபோது, இந்த விதி பெரிய கைகொடுத்தது. அன்று 24 மணி நேர வானிலையைக் கணக்கிட, கிட்டத்தட்ட 24 மணி நேரமே பிடித்தது! இன்றும் வானிலை மையங்கள் அதிவேகக் கணினிகளுக்குப் பெரும்பணம் செலவிட இதுவும் ஒரு காரணம். கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் நீளவாக்கில் இரண்டு மடங்கு, அகலவாக்கில் இரண்டு மடங்கு என நான்கு மடங்கு கட்டங்கள். தாவலையும் பாதியாக்க வேண்டும். மொத்த வேலை எட்டு மடங்கு. மழை எந்த ஊரில் பெய்யும் என்று துல்லியமாகச் சொல்ல அத்தனை விலை!

உடம்புக்குள்ளும் ஒரு குழாய்

மனித உடம்பும் தாமதம் நிறைந்த அமைப்புதான். சர்க்கரை கூடிவிட்டது என்று இன்சுலின் ஊசி போடுகிறார் ஒருவர். ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கிறார். எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. பதற்றத்தில் இன்னொரு ஊசி. முதல் ஊசியின் வேலை அப்போது பாதியில் இருக்கிறது. வேகமாகச் செயல்படும் இன்சுலின்கூடச் சில மணி நேரம் உடம்பில் வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்துகொண்டால் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கி, மயக்கத்திலும் உயிராபத்திலும் கொண்டுபோய் விடலாம். மருத்துவர் சொன்ன இடைவெளிக்கு முன்னால் மறு ஊசி கூடாது என்பது இதனால்தான்.

தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றிய மருத்துவர், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வதும் இதே கணக்கில்தான். புதிய அளவு உடம்பில் நிலைபெற்று, டி.எஸ்.ஹெச். எண்ணிக்கையில் தெரிய அவ்வளவு நாள் ஆகும். 'பத்து நாளாகியும் சோர்வு போகவில்லை' என்று தாமாகவே மாத்திரையைக் கூட்டுவது, காபிக் கணக்கில் 25 நிமிடம் தாவுவதற்குச் சமம்.

அளவாகத் திருத்த வேண்டும்; அதன் பலன் வந்து சேரும்வரை பொறுக்க வேண்டும். மருந்து விஷயத்தில், அந்த அளவு எவ்வளவு, எத்தனை நாள் பொறுப்பது என்ற இரண்டையும் மருத்துவரிடம் முதலிலேயே கேட்டு, மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.