நீதிபதிக்குப் பொன்னாடை, பிள்ளைக்குப் பள்ளிப் பை: அவ்வளவுதானா தோழர்களே?

2022 ஏப்ரல் 7. கேட்டன்ஜி பிரவுன் ஜாக்சனை உச்ச நீதிமன்ற நீதிபதியாக அமெரிக்க செனட் 53க்கு 47 என்ற வாக்கில் ஏற்றுக்கொண்ட நாள். நம் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அவர் படத்தைப் போட்டார். ஐந்து நிமிடத்தில் இரண்டு வகைப் பதில்கள். ஒன்று, இதயங்களும் உயர்த்திய முஷ்டிகளும். இன்னொன்று ஒரு கேள்வி: “ஒரு கறுப்பினப் பெண் அங்கி மாட்டிக்கொண்டால், காரில் படுத்துத் தூங்கும் கறுப்பினக் குழந்தைக்கு என்ன வந்தது?” கேட்டவர் களத்தில் நிற்கிற தோழர், வாய்ச்சொல் வீரர் அல்ல. அன்று அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. இடஒதுக்கீட்டில் ஒருவர் கலெக்டர் ஆனால் போதும், “அவர் போய்விட்டார், சேரிக்கு என்ன லாபம்?” என்று கிளம்பிவிடுவார்கள். சாதி இந்துக்கள் தலைமுறை தலைமுறையாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது யாருக்கு என்ன லாபம் என்று இவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1789இல் உருவாக்கப்பட்டது. ஜாக்சன் அதன் 116ஆவது நீதிபதி. அவருக்கு முன்னால் இருந்த 115 பேரில் 108 பேர் வெள்ளை ஆண்கள். அந்த 108 பேரில் எவரிடமும் “உங்கள் சமூகத்துக்கு என்ன செய்தீர்கள்?” என்று கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. நாடே அவர்கள் சமூகத்துக்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

சரி, தோழரின் கேள்விக்கு வருவோம். குழந்தைக்கு என்ன வந்தது?

ஜேன் போலின் என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? 1908இல் நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சி ஊரில் பிறந்தவர். வெல்லெஸ்லி கல்லூரியில் படித்தபோது, சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் அங்கே வழிகாட்ட இருந்தவரே அதெல்லாம் வேண்டாம் என்று தடுத்தார். (ஜாக்சனுக்கும் பள்ளியில் இதேதான் நடந்தது. ஹார்வர்டுக்குப் போக ஆசைப்படுகிறேன் என்றபோது, அவ்வளவு உயரமாகக் கனவு காணாதே என்றார் ஆலோசகர். இருவருக்கும் நடுவே அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. அறிவுரை மட்டும் மாறவில்லை.) 1931இல் யேல் சட்டப் பள்ளியில் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினப் பெண் போலின். 1939 ஜூலை 22 அன்று, நியூயார்க்கில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த இடத்துக்கு மேயர் லா கார்டியா அவரை வரச்சொன்னார். எதற்கென்று சொல்லவில்லை. போன இடத்தில் நீதிபதியாகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அந்த நாட்டில் அவர் ஒருவர்தான்.

அவருக்குக் கிடைத்தது குடும்ப நீதிமன்றம். தலைப்புச் செய்தி ஆகும் வழக்குகள் அங்கே வராது. பெற்றோர் கைவிட்ட பிள்ளைகள், அடிபட்ட மனைவிகள், சின்னத் திருட்டில் மாட்டிய சிறுவர்கள், இவர்கள்தான் வருவார்கள். பிள்ளைகள் மிரளக் கூடாது என்பதற்காக அவர் நீதிபதி அங்கியே போட்டுக்கொள்ளவில்லை. அந்த நீதிமன்றத்தில் நன்னடத்தை அலுவலர்களை நிறம் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அரசுப் பணத்தில் நடந்த தனியார் காப்பகங்களோ, பிள்ளையின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தன. யோசித்துப் பாருங்கள். வீடில்லை என்று நீதிமன்றம் வந்த பிள்ளைக்கு, கறுப்பு என்பதால் காப்பகத்திலும் இடமில்லை. இந்த இரண்டு வழக்கங்களையும் ஒழித்ததில் போலினின் பங்கு பெரிது. அரசுப் பணம் வாங்குகிறாயா, எல்லாப் பிள்ளையையும் சேர்த்துக்கொள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதைச் சொல்ல, அந்த நாற்காலியில் அந்தப் பெண் உட்கார வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணுக்கும் இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றத்தில் பத்து வழக்குகள் வாதாடி ஒன்பதில் வென்றவர். 1966இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி ஆனார். 1975இல், ஒரு பெரிய வழக்கறிஞர் நிறுவனத்தின் மீதான பாலினப் பாகுபாட்டு வழக்கு அவரிடம் வந்தது. அவர் பெண், கறுப்பினத்தவர், சிவில் உரிமை வழக்குகளில் வாதாடியவர், அதனால் விலகிக்கொள்ள வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. அவர் விலகவில்லை. ஒருவரின் இனமும் பாலும் விலகக் காரணம் என்றால் இந்த நீதிமன்றத்தில் ஒரு நீதிபதியும் இந்த வழக்கைக் கேட்க முடியாது என்ற பொருளில் எழுதினார். வெள்ளை ஆணுக்கும் ஓர் இனமும் ஒரு பாலும் உண்டு என்பதைச் சட்டத்தின் மொழியில் பதிவு செய்த தருணம் அது.

ஆக, படம் போட்டுக் கொண்டாடியது தவறில்லை. ஆனால் முஷ்டிச் சின்னம் போட்ட தோழர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

2024 ஜூன் 28 அன்று அதே உச்ச நீதிமன்றம் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஓரிகன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே பூங்காவில் போர்வை விரித்துப் படுத்தால் 295 டாலர் அபராதம். திரும்பத் திரும்பப் படுத்தால் சிறை. படுக்க வேறு இடமே இல்லாதவரைத் தண்டிப்பது கொடூரமான தண்டனை ஆகாதா என்பதுதான் கேள்வி. ஆகாது என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள். சோட்டோமேயர் எழுதிய எதிர்த் தீர்ப்பில் ககனும் ஜாக்சனும் கையெழுத்திட்டார்கள். மூன்று பெண்கள். தோற்றார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் கிளாரன்ஸ் தாமஸ். அவரும் கறுப்பினத்தவர்தான். பிறப்பு மட்டும் யாரையும் நம் பக்கம் நிறுத்திவிடாது என்பதற்கு இவரைவிட வேறு சாட்சி வேண்டாம். நியூயார்க்கில் எரிக் ஆடம்ஸ் என்ற கறுப்பின மேயர்தான், புலம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் 60 நாளில் காப்பகத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற விதியைக் குழந்தைகள் இருக்கும் குடும்பங்களுக்கும் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே, 2024 ஜனவரியில், பிள்ளைகள் மூட்டையைக் கட்டினார்கள்.

இப்போது அந்தப் பிள்ளைகளைப் பார்ப்போம். 2022-23 கல்வியாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளிகளில் வீடற்றவர்களாகக் கணக்கெடுக்கப்பட்ட மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். நியூயார்க் நகரத்தில் மட்டும் 2023-24இல் 1,46,000க்கும் மேல், அதாவது எட்டு மாணவருக்கு ஒருவர். உலகத்தின் பணமெல்லாம் புரளும் ஊரில் நிலைமை இது. அமெரிக்க மக்களில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவீதம். வீடற்றவர்களிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இது தற்செயல் அல்ல. 1930களில் கூட்டாட்சி அரசே நகரங்களின் வரைபடத்தில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பு மையில் குறித்துவைத்தது, அங்கே வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்து என்று. ஊரும் சேரியும் எப்படிப் பிரிக்கப்பட்டன என்று தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. 1987இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம். மோசமான சட்டம் அல்ல. முகவரிச் சான்று இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, தடுப்பூசி அட்டை இல்லை என்று சொல்லிப் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது, உடனே சேர்க்க வேண்டும். குடும்பம் நகரத்தின் மறுமுனைக்குத் தூக்கி எறியப்பட்டாலும் பிள்ளை பழைய பள்ளியிலேயே படிக்கலாம், போய்வர வண்டிக்கு ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் கடமை. ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கென ஓர் அலுவலர் இருந்தே ஆக வேண்டும்.

சரி, பணம்? இந்தத் திட்டத்துக்குக் கூட்டாட்சி அரசு ஆண்டுக்கு ஒதுக்குவது சுமார் 12.9 கோடி டாலர். 13 லட்சத்துச் சொச்சம் பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு நூறு டாலர்கூட வராது. ஓர் ஆண்டுக்கு.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. இந்தப் பிள்ளைகளில் நாலில் மூன்று பேர், வீடு போனபின் சொந்தக்காரர் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஒண்டிக்கொண்டிருப்பவர்கள். பாட்டி வீட்டுக் கூடத்தில் ஐந்தாவது ஆளாகப் படுத்திருக்கும் பையன். கல்வித் துறையின் கணக்கில் இவன் வீடற்றவன். வீட்டு வசதித் துறையின் கணக்கில் பெரும்பாலும் இவன் வீடற்றவன் அல்ல, தலைக்கு மேலே கூரை இருக்கிறதே! ஒரே அரசு, ஒரே பையன். பள்ளியில் சேர உரிமை உண்டு, வீட்டுக்கு உதவி கேட்டால் வரிசையில் நிற்கக்கூட இடமில்லை.

இந்த இடத்தில்தான் விழாக்காரர்கள் மேடை ஏறுகிறார்கள். கறுப்பின வரலாற்று மாதத்தில் கறுப்பினப் பெண் நீதிபதிகளுக்குப் பாராட்டு. அதே மேடையில் வீடற்ற மாணவர்களுக்குப் பை, நோட்டு, பற்பசை, சோப்பு. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், பற்பசை இல்லாத பிள்ளைக்கு அது பெரிய விஷயம், கேலி செய்ய மாட்டேன். என் கேள்வி வேறு. வாடகை பாக்கி வழக்கில் அந்தப் பிள்ளையின் தாயை மூன்று நிமிட விசாரணையில் தெருவுக்கு அனுப்பியதும் ஒரு நீதிமன்றம்தானே? நீதிபதிகள் மேடையில் இருக்கும்போதே அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் என்ன?

பேசினால் நடக்கும். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகளில் ஏழை வாடகைதாரர்களுக்கு வழக்கறிஞர் கிடைப்பதை நியூயார்க் நகரம் 2017இல் சட்டமாக்கியது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். கேட்டுக் கேட்டு, நீதிமன்ற வாசலில் நின்று வாங்கிய சட்டம் அது, யாரும் தானமாகத் தரவில்லை. 2018 நவம்பரில் டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டியில் 17 கறுப்பினப் பெண்கள் நீதிபதிகளாகத் தேர்வானார்கள். அந்தப் படமும் உலகமெங்கும் சுற்றியது. படத்தோடு நிற்கவில்லை. சின்னக் குற்றச்சாட்டுகளில் ஜாமீன் பணம் கட்ட முடியாத ஏழைகளைச் சிறையிலேயே வைத்திருந்த வழக்கத்தின் மீது ஒரு வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பழைய நீதிபதிகள் அந்த வழக்கத்தைக் காப்பாற்ற மேல்முறையீடு செய்து போராடினார்கள். அந்தத் தேர்தலில் புதிதாக வந்தவர்கள் 2019இல் விதியை மாற்றி, வழக்கையும் உடன்பாட்டில் முடித்தார்கள். பணம் இல்லாததால் ஒரு தாய் சில நாள் சிறையில் இருந்தால் வேலை போகும், வேலை போனால் வாடகை போகும், அப்புறம் பிள்ளை யார் வீட்டுக் கூடத்தில் படுக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

பையையும் சோப்பையும் எப்படிக் கொடுப்பது என்பதற்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1969 ஜனவரியில் ஓக்லாண்டில் ஒரு தேவாலயத்தில் கருஞ்சிறுத்தைகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு போட ஆரம்பித்தார்கள். அவர்கள் உணவோடு கேள்வியையும் பரிமாறினார்கள்: இத்தனை பணக்கார அரசு இதை ஏன் செய்யவில்லை? எஃப்பிஐ அந்தச் சோற்றுக்குப் பயந்தது. 1975இல் காலை உணவுத் திட்டத்தை அமெரிக்க அரசே நிரந்தரமாக்கியது. 1972இல் பம்பாயில் நம் தோழர்கள் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொண்டது இவர்களைப் பார்த்துத்தான்.

போலினுக்கு எழுபது வயதானபோது சட்டப்படி ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். போக அவருக்கு மனமில்லை. நாற்பது ஆண்டு நாற்காலியை விட்டு இறங்கியவர், நியூயார்க்கின் அரசுப் பள்ளிகளுக்குத் தன்னார்வலராகப் போய்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். 2007 ஜனவரியில், 98 வயதில் இறந்தார். அவர் படத்தைத்தான் இன்று நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். கேள்வி கேட்ட தோழர் இன்னும் பார்க்கவில்லை, ஒற்றை டிக்தான் காட்டுகிறது.