ஈரத்தை ஊதும் பெட்டிக்கு ஏசி என்று பெயரா?

பத்தே நிமிஷத்தில் அறை ஊட்டியாகிவிடும் என்றீர்களே, யாருடைய அறையைப் பார்த்துச் சொன்னீர்கள்? கத்திரி வெயில் நேரத்தில் கூத்தாநல்லூரில் ஒரு ராத்திரியாவது படுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

என் அம்மா பக்கவாதத்தில் படுத்தவள். வலது பக்கம் அசையாது. வியர்த்தால் துடைத்துவிடு என்று சொல்லவும் வாய் வராது. எங்கள் வீடு சிமெண்ட் ஷீட் போட்டது. பகலெல்லாம் வாங்கிய வெயிலை ஷீட் விடிய விடிய எங்கள் மேல் இறக்கும். சுற்றிலும் வயல், வாய்க்கால், அந்தப் பக்கம் வெண்ணாறு, கிழக்கே கொஞ்சம் போனால் கடல். காற்று நின்றுவிட்டால் இந்த ஊரின் புழுக்கம் மூச்சை அடைக்கும்.

இங்கே ஏசி இல்லாமல் இல்லை. சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று போய்ச் சம்பாதித்தவர்கள் கட்டிய மாடி வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கையும் சுடிதாரும் தைத்துத்தான் நான் பிழைக்கிறேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அளவெடுக்க உள்ளே போகும்போது அந்தக் குளிர் மேலே பட்டதும் அம்மா நினைப்பு வரும், அவ்வளவுதான். ஒரு டன் ஏசியே கிட்டத்தட்ட முப்பதாயிரம் ரூபாய். கடன் வாங்கி மாட்டினாலும் கரண்ட் பில்லை யார் கட்டுவது? இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட் கணக்கே மாறிவிடும். இதையெல்லாம் யோசித்துத் தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் உங்கள் விளம்பரம் என் போனுக்கு வந்தது. குட்டி ஏசி. கரண்ட் செலவே இல்லை. அறை முழுக்கக் குளிரும். விலை 1,899 ரூபாய்.

வந்தது என்ன? அரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஒரு சின்ன ஃபேன், நனையும் தாள், நீல விளக்கு. முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் வைத்தால் சில்லென்றிருக்கும். தள்ளி வைத்தால் வெறும் ஈரக்காற்று. கதவைச் சாத்தி ராத்திரி முழுக்க ஓடவிட்டால் விடியும்போது தலையணை ஈரம், பாய் ஈரம், அம்மாவின் புடவை ஈரம். பிறகு முதுகில் சிவந்தது. பிறகு தோல் உரிந்தது. இப்போது படுக்கைப் புண். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் பார்த்துவிட்டு, "அக்கா, ரூமே ஈரமா கெடக்கு, புண்ணு எப்படி ஆறும்? மொதல்ல இத நிறுத்துங்க" என்றாள்.

அளவுதான் என் தொழில். உங்கள் பெட்டிக்கும் அளவெடுக்கிறேன், கேளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். உங்கள் அரை லிட்டர் தீர மூன்று நான்கு மணி நேரம் ஆகிறது. அத்தனையும் ஆவியானது என்றே வைத்துக்கொண்டாலும் குளிர்ச்சி ஏறத்தாழ 100 வாட். சும்மா படுத்துக் கிடக்கும் ஒரு மனுஷியின் உடம்பே கிட்டத்தட்ட அவ்வளவு வெப்பத்தை வெளியே விடுகிறது. ஒரு டன் ஏசி எடுப்பது 3,500 வாட். முப்பத்தைந்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டா அதன் பெயரில் விற்றீர்கள்?

அளவு போகட்டும், வேலையே நேர்மாறு. ஏசி, அறையின் வெப்பத்தை வெளியே தள்ளும். காற்றின் ஈரத்தையும் எடுத்துக் குழாய் வழியே சொட்டவிடும். மாடி வீட்டுச் சுவரோரம் சொட்டுகிற தண்ணீர் அந்த அறைக் காற்றில் இருந்த ஈரம்தான். 1902இல் வில்லிஸ் கேரியர் தன் முதல் ஏசியை வடிவமைத்தது மனிதர்களுக்காகக்கூட இல்லை. அமெரிக்காவில் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் இடம் தப்பின. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் அது பிறந்தது. காகிதத்துக்குக் கிடைத்த அக்கறை என் அம்மாவின் தோலுக்குக் கிடைக்கவில்லை.

டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் நாக்பூரிலும் ஜன்னலில் பெரிய கூலர் வைத்துக் கோடையைக் கழிக்கிறார்கள். அது உண்மை. அங்கே வெயில் 40 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் தண்ணீரை ஆவியாக்கிக் காற்றை 21 டிகிரி வரை இறக்க இடமிருக்கிறது. இங்கே 35 டிகிரி, 65 சதவீதம் என்றால் எவ்வளவு பெரிய கூலரானாலும் 29க்குக் கீழே போக வழியில்லை. அதுவும் வெளிக்காற்று வந்து போனால்தான். மூடிய அறையில் ஈரம் ஏறிக்கொண்டே போகும். அம்மாவின் உடம்பு தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள வியர்வை உலர்வது ஒன்றுதான் வழி. அந்த வழியையும் அடைத்துவிட்டீர்களே, பாவிகளே!

ஈரம் என்றால் என்னவென்று எங்களுக்கா தெரியாது? கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோனால் மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ரோட்டில் கொட்டிக் காயவைக்க வேண்டியதுதான். மழை பிடித்துக்கொண்ட அறுப்புக் காலங்களில் 22 வரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சாத விவசாயி இல்லை. எங்களிடம் வாங்கும் நெல்லில் அத்தனை கறார். எங்களிடம் விற்கும் பெட்டியில், இத்தனை ஈரப்பதத்துக்கு மேல் இது வேலை செய்யாது என்று ஒரு வரி இல்லை. ஏசியின் ஸ்டார் ஸ்டிக்கரில் குளிரூட்டும் திறன் அச்சாகியிருக்கிறது. இதில் எத்தனை வாட் என்று தேடினேன். பனிமலைப் படம்தான் இருந்தது.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லக் கூப்பிட்டால் போனை எடுக்க ஆளில்லை. கொரியர் தம்பி, "அக்கா, எனக்குக் கொடுக்குற வேலை மட்டும்தான்" என்கிறான். அவனை என்ன சொல்ல?

இந்த 1,899 ரூபாய்க்காக ஒரு தையல்காரி கோர்ட்டுப் படி ஏறவா போகிறாள் என்ற தைரியம் உங்களுக்கு. ஏறுவேன். பொருளைப் பற்றிப் பொய் சொல்லும் விளம்பரம் 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போட அதில் இடம் உண்டு. ஐந்து லட்சம் வரையான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது. நீங்கள் எந்த ஊரில் ஒளிந்திருந்தாலும் நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனுப் போடலாம். திருவாரூர் போனால் எனக்கு ஒரு நாள் கூலி போகும், அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். போகட்டும். எனக்கு ரூபாய் திரும்பி வந்தால் மட்டும் போதாது. அந்த விளம்பரம் நிற்க வேண்டும். எத்தனை வாட் குளிர்ச்சி, எந்த ஈரப்பதம் வரை என்று ஒவ்வொரு பெட்டியிலும் தமிழில் அச்சடிக்க வேண்டும்.

லெட்சுமாங்குடியிலோ வடபாதிமங்கலத்திலோ இந்தப் பெட்டியை வாங்கி மூலையில் போட்டிருக்கிறவர்கள் பில்லை எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள். பில் தொலைந்திருந்தால் போனில் வந்த மெசேஜைக் காட்டலாம். அலைய முடியாத வயசானவர்கள் 1915 நம்பருக்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.