பெரிது என்பதற்காகவா விட்டுவைத்தார்கள்?

தென் கொரியாவின் டேஜான் நகரில், 2025 செப்டம்பர் 26 இரவு, அந்நாட்டு அரசின் தேசியத் தகவல் வள மையத்தில் தீப்பிடித்தது. மின்சாரம் தடைப்படாதிருக்க வைத்திருந்த லித்தியம் மின்கலங்களை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்த வேளை அது. தீ அணைய ஏறத்தாழ 22 மணி நேரம் ஆயிற்று. நின்றுபோன அரசுப் பணி அமைப்புகள் 647 என்றார்கள் முதலில். இரண்டு வாரம் சென்றபின், இல்லை, 709 என்றார்கள். எத்தனை என்று சொல்ல வேண்டிய கணக்கேடும் அதே கட்டிடத்தில் அல்லவா முடங்கிக் கிடந்தது!

எரிந்தே போனவை 96. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வேறிடத்தில் நகல் இருந்ததாம். நல்லது. ‘ஜி-டிரைவ்’ எனும் ஒன்றுக்கு மட்டும் இல்லை. ஆளுக்கு 30 கிகாபைட் என இடம் ஒதுக்கி, லட்சத்துக்கு மேற்பட்ட அலுவலர்கள் தங்கள் கோப்புகளைப் போட்டுவைத்த பொதுப் பேழை அது. 858 டெராபைட் சரக்கு, அத்தனையும் சாம்பல். ஏன் நகல் இல்லை என்று கேட்டால், அளவு மிகப் பெரிது, ஆகவே வெளியிடத்தில் நகல் வைக்க இயலவில்லை என்கிறது அரசு.

இந்த விடையைத்தான் நாம் ஏற்பதற்கில்லை. பெரிது என்றால் எவ்வளவு பெரிது? கணக்குப் போட்டுப் பார்ப்போமே. நொடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள இணைய வழியில் 858 டெராபைட்டை அனுப்ப, இடைவிடாது ஓடினால், 80 நாட்கள் ஆகும். பத்து கிகாபிட் வழியென்றால் எட்டே நாட்கள். இணைய வேகத்தில் உலகுக்கு வழிகாட்டி என்று பெயர் பெற்ற நாட்டுக்கு இது மலையா? அதுவும் வேண்டாம், 20 டெராபைட் கொள்ளும் வட்டுகள் 43 போதும்; பெட்டிகளில் அடுக்கி லாரியில் ஏற்றினால், அதே மையத்தின் கிளைகள் இருக்கும் டேகுவுக்கோ குவாங்ஜுவுக்கோ அரை நாள் பயணங்கூட இல்லை!

பெருஞ்சரக்கைத் தொலைவிடத்தில் காக்கும் முறையே அதுதான். முதல் நகலை வண்டியில் அனுப்புவது. அதன்பின் அன்றன்று மாறியதை மட்டும் இணைய வழியே அனுப்புவது. ஒரு கோப்பில் எந்தத் துண்டு மாறிற்று என்று இரு முனையும் தமக்குள் ஒப்பிட்டு, அந்தத் துண்டை மட்டும் பரிமாறும் ‘ஆர்சிங்க்’ என்ற நிரலை ஆஸ்திரேலியாவில் 1996-லேயே எழுதிவிட்டார்கள். நாளொன்றுக்கு நூற்றில் ஒரு பங்கு மாறுவதாகவே வைத்துக்கொள்வோம். எட்டரை டெராபைட், பத்து கிகாபிட் வழியில் இரண்டு மணி நேர வேலை. ஒரே கோப்பைப் பத்துப் பேர் வைத்திருந்தால் ஒருமுறை அனுப்பினால் போதும் என்ற ஏற்பாடும் உண்டு. புறப்படுமுன் பூட்டி, சாவியைத் தம்மிடம் வைத்துக்கொண்டால் வழியில் எவன் பார்த்தால் என்ன?

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. இங்கே அழித்ததை அங்கேயும் அக்கணமே அழிக்கும் கண்ணாடி நகல், தீக்குத் துணை. திருடனுக்கும் தவறிய கைக்கும் துணையாகாது. நேற்றைய நிலை, சென்ற மாதத்து நிலை எனப் பழையவற்றையும் தொலைவிடத்தில் வைத்திருக்க வேண்டும். அதற்கு இடம் கூடுதலாக வேண்டும். செலவுதான், மறுக்கவில்லை.

செலவு செய்ய மனமில்லாதவர்கள் அடுத்தவனுக்குப் புத்தி சொல்வதில் குறை வைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 2022 அக்டோபர் 15-இல் பாங்கியோவில் ஒரு தனியார் தகவல் மையம் எரிந்து, ககாவோ நிறுவனத்தின் செய்திச் சேவை நாடெங்கும் படுத்தது. நகல் எங்கே, மாற்றிடம் எங்கே என்று ஆட்சியாளர்கள் அன்று அதட்டினார்கள். சட்டம் திருத்தினார்கள். எங்கள் மையத்துக்கு இப்படி நேர்ந்தால் மூன்று மணி நேரத்தில் மீட்போம் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. தனியாருக்கு நீட்டிய விரல் தம் பக்கம் திரும்பவே இல்லை!

அலுவலர்கள் மீது பழி போடவும் வழியில்லை. உங்கள் மேசைக் கணிப்பொறியில் கோப்பு வைக்காதீர்கள், எல்லாவற்றையும் ஜி-டிரைவில் வையுங்கள் என்பது மேலிடத்து அறிவுரை. பணியாளர் மேலாண்மை அமைச்சகம் அதை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தது; அதற்கே பேரிழப்பு. சொன்னபடி கேட்டவன் வெறுங்கையோடு நிற்க, கேளாமல் தன் பெட்டியில் ஒரு படி ஒளித்துவைத்தவன் பிழைத்தான். அந்த அமைச்சகத்தார் பழைய அஞ்சல்களையும் அச்சிட்ட தாள்களையும் புரட்டி, விட்டதைத் தேடும் நிலைக்கு ஆளானார்கள்.

பதின்மூன்று லட்சம் மக்களே கொண்ட எஸ்டோனியா, 2017-இல் லக்சம்பர்க்குடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, தன் அரசின் முக்கியப் பதிவேடுகளின் நகலைத் தூதரகத்துக்குரிய பாதுகாப்புடன் அந்நாட்டில் வைத்தது. கொரிய அரசை நாடு கடந்து போகச் சொல்லவில்லை நாம். அடுத்த ஊருக்கு அனுப்பியிருக்கக் கூடாதா என்றுதான் கேட்கிறோம்.

ஜி-டிரைவுக்குப் பதில் இன்னொன்று எழுப்புவதானால், எல்லாரும் இங்கே கொண்டுவந்து வையுங்கள் என்ற ஆணைக்கு முன்னால் இரண்டு வரி எழுதட்டும்: இரண்டாம் நகல் எந்த ஊரில் இருக்கும், அதிலிருந்து கோப்பை மீட்டெடுத்து எத்தனை நாளைக்கு ஒருமுறை சோதிப்பார்கள்.